கயிறோடு கொடுத்த மாடு

அண்ணா,

இன்று காலையில் என் பையன் வண்டிச் சக்கரத்தைக் கழற்றி அச்சுக்கு மை போட்டான். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடியும் வாசலுக்குப் போனேன். "ஏனுங்கப்பா, எறும்புப் புத்து மேல உக்கார்ந்துட்டீங்களா?" என்று கேட்கிறான். அவனுக்கு என்ன தெரியும்? எனக்கு அந்த வாசனை உங்கள் வண்டி. மார்கழிப் பனியில், பின்னால் ஓர் இளம் எருதைக் கட்டிக்கொண்டு நீங்களும் நானும் சந்தை சந்தையாக அலைந்த வண்டி.

ஜெர்மன்காரன் சண்டை முடிந்தும் மண்ணெண்ணெய் சரியாகக் கிடைப்பதில்லை. பொழுது சாய்வதற்குள் எழுதி முடிக்க வேண்டும். எழுத்து எனக்கு ஒரு பெரிய காரியமில்லை. மூன்றாம் வகுப்புவரை படித்தவன் நான். நாலாம் வகுப்புக்கு ஏன் போகவில்லை என்றால், இனி இவனுக்குச் சொல்லித்தர எங்களிடம் சரக்கில்லை என்று வாத்தியாரே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். "உன்ற பேச்சுல பாதி தள்ளுபடி, செங்கோடா" என்பீர்கள். மீதிப் பாதி உண்மைதானே? அது போதாதா ஒரு மனுஷனுக்கு?

நீங்கள் என் கூடப் பிறந்தவர் அல்ல. பங்காளி வழியில் அண்ணன். ஆனால் உங்கள் தோட்டத்து வரப்பும் என் தோட்டத்து வரப்பும் ஒன்று, உங்கள் கிணற்றுத் தண்ணீர் வழிந்தால் என் சோளம் பச்சை பிடிக்கும். உங்களுக்கு மூத்தது பெண். அடுத்து வந்த உங்கள் பையனும் என் மகள் பாவாயியும் ஒரே வருஷம் பிறந்து ஒரே தொட்டிலில் மாறி மாறித் தூங்கியவர்கள். அதனால்தான் பாவாயிக்கு மாப்பிள்ளை அமைந்து, தை மாதத்தில் முகூர்த்தம் வைத்தவுடன், நான் வேறு யாரையும் யோசிக்காமல் நேரே நீங்கள் மாடு கட்டும் கட்டுத்தரைக்கு வந்தேன். நம் சாதியில் அருமைக்காரர் இல்லாமல் கல்யாணம் உண்டா? பெண்டாட்டி பிள்ளையோடு வாழ்கிற, ஊரில் நல்ல பெயர் எடுத்த ஒருவர் முன்னே நின்று எல்லாச் சீரும் செய்து, தாலியைத் தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். நம் ஊரின் பழைய அருமைக்காரர் ஆடியில் காலமாகிவிட்டார். அடுத்தது நீங்கள்தான் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லியாயிற்று. நானும் சம்பந்தி வீட்டில், "எங்கண்ணன் கை பட்டா கல்லும் முளைக்கும்" என்று அளந்துவிட்டு வந்திருந்தேன்.

நீங்கள் மாட்டுக்குச் சோளத்தட்டு உதறிப் போட்டுக்கொண்டே, நிமிராமல் சொன்னீர்கள்.

"என்ற கை ஆகாது, செங்கோடா."

"ஏனுங்கண்ணா?"

"கடன் நிக்குது."

"கடனா? உங்களுக்கா? யாருக்குங்க, சொல்லுங்க, இப்பவே போய் அவன் மூஞ்சியில வீசீட்டு வாரேன்."

"யாருன்னு தெரிஞ்சா நானே போயிருக்க மாட்டனா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடன் கொடுத்தவன் வாங்கியவனைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். வாங்கியவன் கொடுத்தவனைத் தேடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே போட்டுவிட்டு, வெள்ளைமாட்டின் கதையைச் சொன்னீர்கள். அதில் பாதி எனக்கு முன்பே தெரியும்.

காவேரி கரை புரண்டு வந்த வருஷம் அது. நீங்கள் கடலைக்காய் ஏற்றிக்கொண்டு பரமத்தி வேலூர்ச் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது, நுகத்தில் இடப்பக்கம் பூட்டிய உங்கள் இடத்து மாடு சேற்றில் கால் மடங்கி விழுந்துவிட்டது. எழுந்திருக்கவே இல்லை. மழை, வெள்ளம், ஒற்றை மாட்டோடு நடுவழியில் நிற்கிறீர்கள். அப்போது ஜோடி மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு முன்பின் தெரியாத மனுஷன், தன் இடத்து மாடான வெள்ளைமாட்டைப் பிடித்து உங்கள் கையில் கொடுத்தான். "ஓட்டீட்டுப் போங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஓர் ஊர்ப் பெயரையும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். நீங்கள் அந்த மாட்டைப் பூட்டி வீடு வந்து சேர்ந்தீர்கள். வந்ததும் காய்ச்சலில் படுத்தீர்கள். தேறி எழுந்து அவன் சொன்ன ஊருக்குப் போய்க் கேட்டால், அப்படி ஓர் ஆளே அங்கே இல்லை. இரண்டாம் தரம் போனீர்கள், அப்போதும் இல்லை. பிறகு மாசி வந்தது. ஊருக்குள் அம்மை வந்தது. உங்கள் பையன் போனான். அதற்கு மேல் மாட்டுக்காரனைத் தேட யாருக்கு நினைப்பு இருக்கும்?

வெள்ளைமாடு உங்களிடமே தங்கிவிட்டது. உழுதது, கிணற்றில் கவலை இழுத்துத் தண்ணீர் இறைத்தது, வயசாகிச் செத்தது. கோடித்துணி போர்த்தித் தோட்டத்திலேயே புதைத்தீர்கள். நானும்தான் குழி வெட்டினேன்.

"மறந்தே போயிட்டேன், செங்கோடா. நீ தாலின்னு சொன்னதும்தான் நெஞ்சுக்குள்ள நறுக்குனு குத்துச்சு. அடுத்தவன் மாட்டுல உழுது தின்ன கை இது. மாட்டை வித்தாக்கூட யாரும் கயிற்றைக் குடுக்கறதில்ல. அந்த மனுசன் கயிறோட குடுத்தான்."

அது உண்மை. மாட்டை விற்கிறவன் கயிற்றைக் கழற்றித் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடுவான். மாடு போனாலும் தன் பட்டியின் அதிர்ஷ்டம் போகக் கூடாது என்பது அதன் கணக்கு. கயிறோடு கொடுக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று நானும் அன்றைக்கு வாயைப் பிளந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் சம்சாரம், "பக்கத்தூருல வேற அருமைக்காரரு இல்லையா? அவரைக் கூப்பிடுங்க" என்றாள். நியாயமான பேச்சுதான். ஆனால் பாவாயி அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "பெரியப்பா எடுத்துக் குடுத்தாத்தான் நான் கழுத்தை நீட்டுவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். அவள் என் மகள் அல்லவா, ஒருமுறைதான் சொல்வாள். தைக்கு முன்னால் மாட்டுக்காரன் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் பந்தல் காலோடு நிற்கும்.

அவனைக் கண்டுபிடிக்க வழி சொன்னவன் நான்தான். இதில் தள்ளுபடியே கிடையாது, நீங்களே சாட்சி. நுகத்தில் இடப்பக்கம் பழகிய மாடு வலப்பக்கம் இழுக்காது. இடத்து மாட்டைக் கொடுத்துவிட்டவனிடம் வலத்து மாடு மட்டும்தான் மிச்சம். அவன் என்ன செய்வான்? இன்னோர் இடத்து மாடு தேடிச் சந்தைக்கு வருவான். ஜோடியாக மாடு பிடிக்கிறவர்களைத் தரகர்கள் மறந்துவிடுவார்கள். ஒற்றை மாடு தேடி அலைகிறவனை மறக்க மாட்டார்கள். நான் இதைச் சொன்னதும் நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மூணாங் கிளாசுலேயே இதெல்லாம் சொல்லிக் குடுத்துட்டாங்களா?" என்றீர்கள்.

திருப்பிக் கொடுப்பதற்காக உங்கள் பட்டியிலேயே நல்ல எருதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தீர்கள். இடத்து மாடு, பல் சேர்ந்தது, முடியில் அதிர்ஷ்டமான ராஜசுழி உள்ளது. அதை வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினோம். திருச்செங்கோட்டுச் சந்தையில் குப்பண்ணன் என்ற தரகனைப் பிடித்தோம். அவன் என் கையைப் பிடித்துத் துண்டுக்குள் இழுத்து, விரலை அழுத்தித் தன் கூலியைச் சொன்னான். நானும் விரலை அழுத்தி அதில் பாதி என்றேன். அவன் முகத்தில் ஈ ஆடவில்லை. கடைசியில் துண்டுக்குள் என் கட்டைவிரல் நசுங்கியதுதான் மிச்சம்.

"வெள்ளத்து வருஷமா? இடத்து மாடா? நல்லாத் தெரியுமுங்க. ஆட்டையாம்பட்டிக்காரரு. கண்ணை மூடீட்டுப் போங்க" என்றான்.

கண்ணை மூடிக்கொண்டுதான் போனோம். ஆட்டையாம்பட்டியில் அவன் சொன்ன வீட்டில் தறிச் சத்தம் கேட்டது. வெளியே வந்த மனுஷன், பின்னால் கட்டியிருந்த எருதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மணமேடையில் பெண்ணைப் பார்க்கிறவன்கூட அப்படிப் பார்க்க மாட்டான்.

"வெள்ளத்து வருஷம் வேலூர் வழியில யாருக்காவது மாடு குடுத்தீங்களா?" என்று கேட்டீர்கள்.

"குடுத்தனுங்க. குடுக்காம இருப்பனா? நம்ம ராசி அப்படி. யாரு கேட்டாலும் குடுத்திருவேன்."

"என்ன நெறமுங்க?"

அவன் உங்கள் முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். "மழையில நெறம் எங்கீங்க தெரிஞ்சுது?"

உள்ளே தறி நின்றது. ஒரு பெண்குரல் வந்தது. "நீங்க எந்தக் காலத்துல மாடு வச்சிருந்தீங்க? ஊட்டுல ஒரு ஆடு கட்டறதுக்கு வக்கில்ல, மாடு குடுத்தாராம் மாடு! ஏனுங்க, மாட்டுக்காரரே, அப்படியே ஏமாந்த ஆளு இருந்தா ஒரு பசுமாட்டையும் கேட்டு வாங்கிக் குடுத்துட்டுப் போங்க!"

நீங்கள் அன்றைக்குச் சிரித்தீர்கள் அண்ணா. வெகுநாள் கழித்துச் சிரித்தீர்கள். அந்த மனுஷனும் வெட்கமில்லாமல் சிரித்துவிட்டு, நமக்கு மோர் கொடுத்துத்தான் அனுப்பினான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மார்கழி பாதி போய்விட்டது. வண்டியில் உட்கார்ந்தால் பந்தல், சம்பந்தி, பாவாயி என்று ஒவ்வொன்றாக வந்து நெஞ்சில் உட்காரும். இறங்கி நடப்பேன், நடந்தால் கால் வலிக்கும், மறுபடி ஏறுவேன். "ஏறிக்கிட்டும் எறங்கிக்கிட்டும் இருந்தா மாடு கணக்குத் தப்பிப் போயிரும், சும்மா இரு சாமி" என்பீர்கள்.

அடுத்த சந்தையில் குப்பண்ணனின் துண்டை நானே பறித்து என் தோளில் போட்டுக்கொண்டேன். துண்டில்லாத தரகன் கத்தியில்லாத நாவிதன் மாதிரி. அரைமணி நேரத்தில் அவன் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டது. வெள்ளம் வடிந்த பிறகு, வேலூர்ப் பக்கத்துக் கொடிக்கால்காரர் ஒருவர், வெற்றிலை பயிரிடுகிறவர், மூன்று சந்தைக்குத் தொடர்ந்து வந்து ஒற்றை இடத்து மாடு கேட்டாராம்.

"எப்படி அவ்வளவு ஞாபகம்?" என்றேன், இந்தத் தரம் நம்பாமல்.

"மாட்டுக்காரன்னா பல்லைப் பார்ப்பானுங்க, காலைப் பார்ப்பான். அந்த மனுசன் வந்ததும் முதுகைத் தடவிப் பார்த்தாருங்க. ஒவ்வொரு மாட்டுக்கும் முதுகு. பைத்தியமாட்ட இருந்துச்சு, அதனால மறக்கல."

நான் சிரித்தேன். வேலூர் போய்ச் சேரும்வரை நீங்கள் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பழியை அப்போது நான் பனியின்மேல் போட்டுவிட்டேன்.

கொடிக்கால் காவேரிக் கரையை ஒட்டி இருந்தது. அகத்திக்கு நடுவே வெற்றிலைக்கொடி ஏறி, உள்ளே நுழைந்தால் பகலிலும் நிழலாய், சில்லென்று இருந்தது. கொடி கட்டிக்கொண்டிருந்த மனுஷன் நம் காலடி கேட்டுத் திரும்பினார். நல்ல வாட்டசாட்டமான ஆள், தலை நரைத்திருந்தது. உங்களைப் பார்த்ததும் கையிலிருந்த நாரைக் கீழே விட்டார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவர் உங்களைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டார். தேடிப் போன நீங்கள்தான் கொஞ்சம் தடுமாறினீர்கள்.

"வந்துட்டீங்களா?" என்றார். வாங்க என்று சொல்லவில்லை. வந்துட்டீங்களா என்றார்.

நீங்கள் எருதின் கயிற்றைப் பிடித்து முன்னால் இழுத்து, "உங்க மாட்டைக் குடுக்க வந்தேனுங்க. அது இருந்து உழைச்சு, வயசாகிப் போச்சு. அதுக்குப் பதிலா இது" என்றீர்கள்.

அவர் அப்படியே பாத்தியில் உட்கார்ந்துவிட்டார். தலைகுனிந்தபடி பேசினார். நான் இப்போது எழுதுவது அவர் சொன்னது, ஒரு சொல்கூட என்னுடையது அல்ல.

"அது குடுத்த மாடு இல்லீங்க. தொலைச்ச மாடு. சந்தையில ஏமாந்து வாங்கிட்டேன். ஊட்டுக்கு வந்து குளிப்பாட்டினப்பத்தான் பார்த்தேன், முதுகுல ரண்டு பக்கமும் பாடைச் சுழி. அப்ப என்ற சம்சாரம் மாசமா இருந்தா. விக்கலாம்னா சுழி பார்க்காம யாரு வாங்குவா? அன்னிக்கு மழையில நீங்க ஒத்தை மாட்டோட நின்னீங்க. சாக்கு போட்டு முதுகை மறைச்சிருந்தேன். குளிருக்குப் போட்டிருக்கு, ஊருக்குப் போய் எடுங்கன்னு சொல்லிக் குடுத்துட்டேன். ஊரும் பொய்யாத்தான் சொன்னேன். கயித்தைக்கூட வச்சுக்கல, அதுல ஒட்டீட்டு வந்துருமோன்னு பயம்."

திமிலுக்குப் பின்னால், முதுகுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக நிற்கும் சுழி அது. பாடைக்கு இரண்டு மூங்கில் மாதிரி. அந்த மாட்டைக் கட்டியவன் வீட்டிலிருந்து ஒரு பாடை போகும் என்று நம் பக்கத்தில் நம்பாதவன் இல்லை. வெள்ளைமாட்டின் முதுகில் இரண்டு பக்கமும் பெரிய சூட்டுத் தழும்பு இருந்ததே அண்ணா, வாய்வுக்குப் போட்டது என்று நீங்கள் சொன்னது? அது சரியாக அந்த இடம்தானே?

அவர் நிமிர்ந்து உங்களைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"உங்க ஊட்டுல... எல்லாரும் சுகந்தானுங்களா? இதைக் கேக்கத்தான் இத்தனை வருஷமா பயந்துகிட்டுக் கெடக்கறேன். சொல்லீருங்க."

உங்கள் முகத்தைப் பார்த்தேன். ரோட்டில் போகிற மாட்டின் சுழியை வீட்டு வாசலில் நின்றபடி சொல்கிறவர் நீங்கள். "சுழியா? நான் பார்க்கலீங்களே" என்றீர்கள்.

"பிள்ளைங்க?"

"எல்லாம் சுகந்தானுங்க. பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு. பையன்..."

அங்கே நிறுத்திவிட்டு, எருதின் கயிற்றைக் கையில் சுற்றத் தொடங்கினீர்கள். அவர் விடவில்லை, உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு மூச்சு நேரம் விட்டிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். நான் குறுக்கே புகுந்தேன்.

"பையனா? சேலத்துல படிக்கறானுங்க. எங்க ஊருலேயே அந்தப் படிப்புப் படிச்ச ஆளு கெடையாது. கணக்குல புலி. வாத்தியாரு தப்பாப் போட்டா இவன் எந்திரிச்சு நின்னு திருத்துவான். லீவுக்கு வந்தா ஊட்டுல சும்மா இருக்க மாட்டான், ஏர் புடிப்பான். அந்த வெள்ளைமாடு இருந்துச்சே, அவன் கூப்பிட்டாத்தான் வரும். மாடு வந்த மறுமாசமே கெணத்துல தண்ணி ஊறுச்சுங்க. கலெக்டரு தொரை அந்த வழியா குதிரையில போனவரு, நிறுத்தி, எறங்கி, மாட்டைத் தட்டிக் குடுத்துட்டுப் போனாருன்னா பார்த்துக்குங்க."

அண்ணா, என் வாழ்நாளில் எத்தனையோ அளந்திருக்கிறேன். அன்றைக்கு அளந்த மாதிரி எப்போதும் இல்லை. சொல்லச் சொல்ல அந்த மனுஷனின் தோள் இறங்கிற்று, மூச்சு சீராயிற்று. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்கள்.

எருதை மட்டும் வாங்கமாட்டேன் என்று அவர் காலில் விழாத குறையாக நின்றார். நீங்கள் சொன்னீர்கள்: "நீங்க எதுக்குக் குடுத்தீங்களோ அது உங்க பாடு. நான் கடனாத்தான் வாங்குனேன். நீங்க இதைப் புடிக்கலீன்னா இவன் மக கல்யாணம் நின்னு போயிரும்." அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை. உள்ளே போய்ப் புதுக்கயிறு கொண்டுவந்தார். நீங்கள் உங்கள் கயிற்றைக் கழற்றிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டீர்கள். நியாயமாக ஒரு மாடு எப்படிக் கை மாற வேண்டுமோ அப்படி மாறியது.

திரும்பி வரும் வழியில் என்னால் அடக்க முடியவில்லை.

"ஏனுங்கண்ணா, நெசமாவே சுழியைப் பார்க்கலீங்களா?"

"பார்த்தேன். காய்ச்சல் விட்டு எந்திரிச்ச அன்னிக்கே சாக்கை எடுத்துப் பார்த்தேன். மறுநா விடியறதுக்குள்ள அது மறையச் சூட்டைப் போட்டுட்டேன்."

"அப்புறம் எதுக்குங்க வச்சிருந்தீங்க? தள்ளி விட்டுருக்கலாமே?"

"யாரு தலையில?"

நான் இறங்கி, வண்டியோடு கொஞ்சம் நடந்துவிட்டு ஏறினேன்.

கொஞ்ச தூரம் போனதும், "உங்கண்ணிக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். பையன் போனதுக்கு மாடுதான் காரணம்னு நெனச்சிருந்தா அவ எப்படி அதுக்குத் தீனி வச்சிருப்பா? உன்ற வாயைக் கட்டிக்க" என்றீர்கள். கட்டிக்கொண்டேன்.

பிறகு ஒரு மைல் தூரம் சும்மா வந்தோம். எனக்குச் சும்மா வருவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். திடீரென்று கேட்டீர்கள்.

"பையன் என்ன படிக்கறான்னு சொன்னே?"

நான் உங்கள் பக்கம் திரும்பவில்லை. மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "கணக்குங்கண்ணா. கணக்குல புலி."

"ஒயரமா இருப்பானா?"

"உங்களைவிட ஒரு சாண் ஒசத்தி. வாசக்கால்ல குனியாம உள்ள வர மாட்டான். மீசை இப்பத்தான் அரும்புது. பாவாயி கல்யாணத்துக்கு வந்து, மாப்பிள்ளைகிட்ட வம்பு இழுத்துக்கிட்டு நிப்பான்." அதற்கு மேல் பயம் வந்துவிட்டது. "இதுலயும் பாதி தள்ளுபடிங்களாண்ணா?"

"இல்ல. முழுசாச் சொல்லு."

சொன்னேன். திருச்செங்கோட்டு மலை கண்ணுக்குத் தெரிகிறவரைக்கும் சொன்னேன். அவன் சேலத்தில் எங்கே தங்குகிறான், என்ன சாப்பிடுகிறான், லீவுக்கு வரும்போது அம்மாவுக்கு என்ன வாங்கி வருகிறான், எல்லாம். நீங்கள் நடுநடுவே, "அதிகமாச் செலவு பண்ணறானா?" என்று கேட்டீர்கள். "இல்லீங்க, உங்க பையனாச்சே" என்றேன்.

தையில் பாவாயியின் கல்யாணம் நடந்தது. தாலியை உங்கள் கையாலேயே எடுத்துக் கொடுத்தீர்கள். பாவாயி கழுத்தை நீட்டினாள். இன்றைக்கு அவளுக்கு மூன்று பிள்ளைகள். அதற்குப் பிறகு எத்தனை வீட்டில் உங்கள் கை பட்டது! நாற்பது ஐம்பது கல்யாணம் இருக்கும். நான் நூற்றிருபது என்று சொல்வது வழக்கம்.

நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணி நன்றாக இருக்கிறார்கள். தினமும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். உங்கள் பேச்சு வரும். வேலூர்க் கொடிக்கால்காரரைப் பற்றி நான் அண்ணியிடம் எப்போதும் நல்லதாகத்தான் சொல்லிவந்தேன். தர்மப்பிரபு, முன்பின் தெரியாதவருக்கு மாட்டைக் கயிறோடு அவிழ்த்துக் கொடுத்தவர். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். முந்தாநாள் அவருக்குத் தண்ணீர்ப் பந்தல் ஒன்றும் வைத்துக் கொடுத்துவிட்டேன். அண்ணி ஆமணக்குக் கொட்டையை முறத்தில் தள்ளிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர்கள், நிமிராமல் கேட்டார்கள்.

"கொழுந்தனாரே, அந்தச் சுழி மாடு குடுத்தவருக்குத் தெரியுங்களா?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு!

"மழையில நனைஞ்சு வந்த மாட்டை அப்படியே உடுவாங்களா? உங்கண்ணன் காய்ச்சல்ல கட்டில்ல உளுந்தாரு. நாந்தான் சாக்கை எடுத்துட்டு வைக்கோல்ல தொடச்சேன். ரண்டையும் பார்த்தேன். இவரு கண்ணு முழிச்சு இதைப் பார்த்தா உசுரே போயிரும்னு, அந்த ஈரச் சாக்கையே திருப்பிப் போட்டுட்டேன். யாருக்கும் காட்டல. அப்புறம் அவரா எந்திரிச்சு ஒருநா சூடு போட்டாரு. வாய்வுன்னாரு. நானும் ஆமாங்க, வாய்வுதான்னு சொல்லீட்டேன்."

"பையன் போனப்பக்கூடச் சொல்லலீங்களா, அண்ணி?"

"எப்படிச் சொல்றது? மாட்டைக் கொண்டாந்தது அவரு."

முறத்தில் கொட்டை உருண்டுகொண்டே இருந்தது. அப்புறம் மெதுவாக, "எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாதுல்ல?" என்று கேட்டார்கள்.

"தெரியாதுங்க அண்ணி."

"நல்லதாப் போச்சு" என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை அண்ணா. சம்சாரத்திடம் சொல்ல முடியாது, பிள்ளைகளிடம் சொல்ல முடியாது. ஊருக்கே கதை சொல்கிறவன், இந்த ஒன்றை வாய்க்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன். உங்களுக்குத் தெரியாததே நல்லது என்றார்கள் அண்ணி, அதையும் இப்போது நான் கெடுக்கிறேன். ஆனால் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? இதில் தள்ளுபடி ஒன்றும் செய்யாதீர்கள். மாடு வந்த அன்றைக்கே அண்ணிக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி
செங்கோடன்